மயில்கழுத்தா, சந்தனமா? மேற்கு ஜன்னல் உள்ள ஹாலுக்கு எது பொருந்தும்?

பொருநைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் முதல் மாடி வீடு. பொங்கலுக்கு முன்னால ஹாலுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கணும். ரெண்டு நிறத்துல எதுன்னு முடிவு பண்ண முடியாம நிக்குது. எனக்கு நாலு சுவருக்கும் மயில்கழுத்து வேணும். பட்டுச்சேலையில வருமே, பச்சையும் நீலமும் கலந்து, நல்ல அடர்த்தியா, அந்த நிறம். அத்தைக்கும் வீட்டுக்காரருக்கும் சந்தனம்தான். "மயில்கழுத்து அடிச்சா பகல்லயே லைட் போடணும், வெக்கையும் ஏறும்"னு அத்தை சொல்றாங்க.

ஹால் அளவு: வடக்கு-தெற்கு 16 அடி, கிழக்கு-மேற்கு 12 அடி, உயரம் 10 அடி. மேற்குச் சுவர்ல 6க்கு 4 ஜன்னல், எதிர்ல மறைப்பு எதுவும் கிடையாது, சாயங்காலம் வெயில் நேரா உள்ளே வரும். வடக்குச் சுவர்ல 4க்கு 4 ஜன்னல், பக்கத்துலயே டிவி. அந்த ஜன்னலைத் திறந்தா நாலடியில பக்கத்து வீட்டுச் சுவர், கிளிப்பச்சை அடிச்சிருக்காங்க. கிழக்குச் சுவர்ல வாசல் கதவும் ரெண்டு உள்கதவும். எல்லாம் தேக்கு, வார்னிஷ். தெற்குச் சுவர் முழுச்சுவர், அதை ஒட்டி சோபா, மேலே ஒரு டியூப் லைட். எதிர்ல வடக்குச் சுவர்ல இன்னொரு டியூப் லைட். ரெண்டும் வெள்ளை வெளிச்சம். தரை ஐவரி நிற டைல்ஸ். இப்ப இருக்கிறது வெளிர் ரோஸ் எமல்ஷன், அடிச்சு ஏழு வருஷம். மேற்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு முழம் அகலத்துக்குப் பொரிஞ்சு உதிருது.

ரெண்டுல எது? இல்ல ரெண்டையும் சேர்க்கலாமா? எவ்வளவு பெயின்ட் வாங்கணும்?

ஒளிக்கோணம்:

நாலு சுவருக்கும் மயில்கழுத்து வேண்டாம். ஆனால் அந்த நிறத்தைக் கைவிடவும் வேண்டாம். தெற்குச் சுவருக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றுக்கும் சந்தனம் அடியுங்கள். எந்தச் சந்தனம் என்பதில்தான் கவனம் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அத்தை சொல்லும் வெளிச்சக் கணக்கு. ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. சுவரில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பி அறைக்குள் வருகிறது என்பதுதான் அது. சந்தன வகைகள் பெரும்பாலும் 60-க்கு மேலே இருக்கும். நீங்கள் கேட்கும் அடர்த்தியில் மயில்கழுத்து 10-ஐ ஒட்டித்தான் நிற்கும். 20 வாட் எல்இடி டியூப் ஒன்று சுமார் 2000 லூமென் தரும். உங்களிடம் இருப்பது இரண்டு. 192 சதுர அடி அறைக்கு, சுவர்கள் வெளிர் நிறமாக இருக்கும்வரை அது சமாளிக்கும். நாலு சுவரும் வெளிச்சத்தைக் குடித்துவிட்டால் இரவில் பேப்பர் படிக்கக் கஷ்டப்படுவீர்கள். அத்தை சொல்வது இதில் சரி.

சுவரைத் தேர்ந்தெடுப்பதிலும் காரணம் இருக்கிறது. மேற்குச் சுவரில் அடர் நிறம் அடித்தால், பளீரென்ற ஜன்னலும் அதைச் சுற்றி இருட்டுமாக மாலை நேரத்தில் கண் கூசும். ஜன்னல் இருக்கும் சுவர் எப்போதும் வெளிராக இருப்பது நல்லது. வடக்குக்கும் அதே காரணம். கிழக்கில் மூன்று கதவுகள். அவற்றுக்கு இடையே கிடைக்கிற துண்டு துண்டான சுவரில் அடர் நிறம் எடுபடாது. தெற்கு ஒன்றுதான் முழுப் பரப்பாக நிற்கிறது. மயில்கழுத்துக்குப் பக்கத்தில் தேக்குக் கதவின் செம்மஞ்சள் நிறமும் நன்றாக எடுப்பாகத் தெரியும்.

இப்போது சந்தனம். கடையில் "சந்தனம்" என்று கேட்டால் இரண்டு குடும்பம் காட்டுவார்கள். ஒன்று மஞ்சள் ஏறியது. மற்றொன்றில் மஞ்சளோடு துளி சிவப்பு சேர்ந்திருக்கும், அரைத்த சந்தனக்கட்டையின் நிறத்துக்கு அது கிட்ட வரும். உங்களுக்கு இரண்டாவதுதான். மாலை 4 மணிக்கு மேல் மேற்கு வெயிலே மஞ்சளாகத்தான் வரும். மஞ்சள் ஏறிய சந்தனம் அந்த வெயிலில் மாம்பழ நிறமாகிவிடும். வடக்கு ஜன்னலில் வேறு தொல்லை இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிளிப்பச்சையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் உங்கள் ஹாலுக்குள் வருகிறது. மஞ்சளில் பச்சை விழுந்தால் சோகை பிடித்த மாதிரி ஒரு நிறம் வரும். துளி சிவப்பு இருந்தால் அது அடங்கும்.

வடக்கு ஜன்னல் வெளிச்சம் வருஷம் முழுக்கக் குளிர்ச்சியாக இருக்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கேதான் இருக்கும். அந்த மாதங்களில் உச்சி வெயில் உங்கள் வடக்குச் சுவர்ப் பக்கம் சாயும், பக்கத்து வீட்டுச் சுவரில் உங்களைப் பார்க்கும் பக்கம் அப்போது நிழலில் இருக்கும், உள்ளே வரும் பச்சையின் அளவும் மாறும். இப்போது மார்கழியில் பார்த்து முடிவு செய்தால் இது தெரியாது.

ஷேடு கார்டில் இருக்கும் தீப்பெட்டி அளவுச் சதுரத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மாதிரிக்குக் கிடைக்கும் மிகச் சின்ன டப்பா வாங்கி, இரண்டுக்கு இரண்டு அடி பிளைவுட் துண்டில் பிரைமர் (பெயின்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு) அடித்து, அதன்மேல் இரண்டு கோட் அடியுங்கள். ஓரத்தில் நாலு விரல் அகலம் வெள்ளை விடுங்கள். ரோஸ் சுவரில் நேராக அடித்துப் பார்த்தால் ரோஸுக்குப் பக்கத்தில் எந்த நிறமும் பச்சையாகத்தான் தெரியும், கண் ஏமாறும். பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் டைல்ஸோடு ஒட்டிப் பாருங்கள். காலை 8 மணி, மதியம், மாலை 5 மணி, இரவு டியூப் லைட்டில் என்று நாலு வேளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுவரிலும் மாற்றி வைத்துப் பாருங்கள். சந்தனத்தைப் பொறுத்தவரை, பலகையில் பிடித்ததற்கு ஒரு படி வெளிறியதை வாங்குங்கள். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை ஒன்று திருப்பி அனுப்புவதால் சுவர் முழுக்க அடிக்கும்போது நிறம் ஏறித் தெரியும்.

தூரிகைத்தடம்:

மேல சொன்னவரு நிறத்தைச் சரியா சொல்லிட்டாரு. நான் சுவரைப் பத்திச் சொல்றேன். அடர் நிறம் அடிக்கிற இடத்துல நூத்துக்குத் தொண்ணூறு தப்பு நிறத்துல நடக்குறதில்ல, பட்டியிலயும் (சுவரைச் சமன் பண்ண இழுக்குற மாவுப் பூச்சு) பிரைமர்லயும்தான் நடக்குது.

தெற்குச் சுவருக்கு மேலயே டியூப் லைட் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அதான் முக்கியமான விஷயம். மேலிருந்து வெளிச்சம் சுவரைத் தடவிக்கிட்டே கீழ இறங்கும். பட்டித் தகடு இழுத்த வரி, ரோலர் ஓட்டின தடம், பழைய ஆணி அடைச்ச மேடு எல்லாமே நிழல் கட்டித் தெரியும். வெளிர் ரோஸ்ல இத்தனை வருஷமா தெரியாம இருந்தது மயில்கழுத்துல முதல் ராத்திரியே தெரிஞ்சிடும். அந்த லைட்டைக் கிழக்குச் சுவருக்கு மாத்துங்க, இல்லைன்னா சீலிங்குக்குக் கொண்டு போங்க. வயரிங் வேலையைப் பட்டி பார்க்குறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும்.

லைட்டை மாத்தினாலும் சுவரைச் சோதிக்கணும். ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சிட்டு, போன் டார்ச்சைச் சுவரோட சுவரா ஒட்டிப் பிடிங்க. வெளிச்சம் சுவர்மேல படுத்த மாதிரி ஓடணும். எங்கெல்லாம் நிழல் விழுதோ அங்கெல்லாம் பென்சிலால லேசா வட்டம் போட்டு வைங்க. மறுநாள் பெயின்டரை வெச்சு அந்த வட்டத்தை மட்டும் பட்டி பார்த்து, காய்ஞ்சதும் 180 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 320 போட்டுத் தேய்க்கணும். திரும்ப அன்னிக்கு ராத்திரியும் டார்ச். ரெண்டு சுத்து பண்ணினா போதும்.

பட்டி எதுன்னு கேட்டுக்கோங்க. வெள்ளை சிமென்ட் பட்டியைப் பழைய எமல்ஷன் மேல அப்படியே இழுக்கக்கூடாது. அது சிமென்ட் பூச்சுலதான் பிடிக்கும், பெயின்ட் மேல பிடிக்காது. ஒரு வருஷத்துல பொருக்கு பொருக்கா கழண்டு வரும், கூடவே மேல அடிச்ச பெயின்டும் வரும். பழைய பெயின்ட் உறுதியா இருந்தா முதல்ல உப்புத்தாள் போட்டுப் பளபளப்பை எடுத்து, தூசியை ஈரத்துணியால துடைச்சிட்டு, மேடுபள்ளத்துக்கு அக்ரிலிக் பட்டி பாருங்க. சிமென்ட் பட்டிதான் வேணும்னா பழைய பெயின்டைச் சுத்தமா சுரண்டி எடுத்தாகணும்.

பட்டி பார்த்த இடத்துக்கு மட்டும் பிரைமர் அடிச்சு விட்டுடலாம்னு சொல்வாங்க. வெளிர் நிறத்துல தப்பிச்சிடலாம். மயில்கழுத்துல பட்டி இருக்கிற இடம் பெயின்டை அதிகமா உறிஞ்சி மங்கலா நிக்கும், சுவர் முழுக்கத் திட்டுத்திட்டா தெரியும். முழுச் சுவருக்கும் பிரைமர் அடிங்க. வெள்ளை பிரைமர் வேண்டாம், நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கலந்து வாங்கிக்கோங்க. அடர் ஷேடை எல்லாம் டீப் பேஸ்னு சொல்ற, சாயம் சேர்க்குறதுக்கான அடிப்படை பெயின்ட்லதான் கலப்பாங்க, அதுல வெளுப்பு தர்ற டைட்டானியம் குறைவு. அதனால அடியில இருக்கிறதை மூடுற சக்தியும் குறைவு. வெள்ளை பிரைமர் மேல ரெண்டு கோட் அடிச்சாலும் ரோலர் ஓடின இடமும் விட்ட இடமும் வரியா தெரியும். சாம்பல் மேல மூணு கோட் அடிச்சா நிறம் நின்னுடும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல குறைஞ்சது நாலு மணி நேரம் விடுங்க. டின்ல சாயம் அதிகமா ஊத்தியிருக்கிற ஷேடு காய லேட்டாகும், அதனால கடைசி கோட்டை மறுநாளைக்கு வைக்கிறது உத்தமம். தண்ணி டப்பாவுல போட்டிருக்கிற அளவுதான், குவளையால அளந்து ஊத்தச் சொல்லுங்க. கண் மதிப்புல ஊத்தினா டப்பாவுக்கு டப்பா நிறம் மாறும்.

இப்ப அளவு. நாலு சுவர் சுத்தளவு 56 அடி, உயரம் 10, ஆக 560 சதுர அடி. ஜன்னல் ரெண்டும் 40, கதவு மூணும் சுமார் 66 கழிச்சா 454. அதுல தெற்குச் சுவர் 120. மீதி 334. பட்டி பார்த்து பிரைமர் அடிச்ச சுவர்ல நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் ரெண்டு கோட்டுக்கு 120 சதுர அடி வரைக்கும் போகும். சந்தனம் மூணு லிட்டர் சரியா வரும், நாலு லிட்டர் டின்னா வாங்குங்க, மிச்சம் டச்சப்புக்கு ஆகும். மயில்கழுத்து மூணு கோட்டுக்கு ஒன்றரை லிட்டர், அதனால ஒரு லிட்டர் டப்பா ரெண்டு. ரெண்டையும் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே வாளியில ஊத்திக் கலக்கிடுங்க. மெஷின்ல கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா ஒரு நூல் வித்தியாசம் இருக்கும், சுவர் நடுவுல டப்பா மாறினா கோடு விழுந்த மாதிரி தெரியும். டப்பா மூடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வைங்க. ஷேடு நம்பர், பேஸ், பேட்ச், தேதி நாலும் இருக்கும். ஒரு கம்பெனி நம்பரை இன்னொரு கம்பெனி மெஷின்ல போட்டா வர்றது கிட்டத்தட்ட நிறம்தான், அதே நிறம் வராது.

ஜன்னலுக்குக் கீழ பொரியுறது ஓதம், அதாவது சுவருக்குள்ள இறங்கின ஈரம். அதைச் சரி பண்ணாம மேல எந்த நிறம் அடிச்சாலும் வீண். வெளிப்பக்கம் போய் ஜன்னல் கட்டைக்கும் சுவருக்கும் நடுவுல விரிசல் இருக்கா, கட்டை வெளிப்பக்கமா சரிஞ்சிருக்கா, இல்ல உள்பக்கமா தண்ணியை விடுதான்னு பாருங்க. அதை அடைச்சப்புறம், உள்ளே உதிருற பூச்சைச் சுரண்டிட்டு, உப்பு பூத்திருந்தா காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க. தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளே போயிடும். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு அந்த இடத்துல ஒட்டி ஒரு நாள் விடுங்க. ஷீட்டுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தா சுவர் இன்னும் காயல.

வேப்பமரத்தடி:

அத்தை சொன்ன வெக்கை விஷயத்தை யாரும் தொடலையே. அடர் நிறம் சூட்டை இழுக்கும் என்பது உண்மைதானே? மேற்கு வெயில் வேறு. வெயில் பட்டு மயில்கழுத்து வெளுத்தும் போகாதா?

ஒளிக்கோணம்:

நல்ல கேள்வி. வெளிச்சுவருக்கும் மொட்டை மாடிக்கும் அது முழுக்கப் பொருந்தும், அங்கே வெள்ளை அடித்தால் உள்ளே சூடு குறையும். உட்சுவரின் கதை வேறு. கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிட்ட வெயில் மயில்கழுத்தில் விழுந்தாலும் சந்தனத்தில் விழுந்தாலும் பெரும்பங்கு அறைக்குள்ளேயேதான் சூடாகத் தங்கும். இந்த ஹாலில் வெக்கை தருவது மேற்கு ஜன்னலும், பகல் முழுக்கக் காய்ந்து இரவில் சூட்டை உள்ளே விடும் மேற்குச் சுவரும்தான். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட்டால் வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடும். உள்ளே போடும் திரையைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தத் தட்டியில் நிறத்துக்கும் ஒரு லாபம் உண்டு. மே முதல் ஜூலை வரை சூரியன் வடமேற்கில் சாயும்போது கதிர் தென்கிழக்கு நோக்கி உள்ளே வரும், அதாவது தெற்குச் சுவரைப் பக்கவாட்டில் தடவும். டியூப் லைட்டைப் பற்றித் தூரிகைத்தடம் சொன்ன அதே நிழல் பிரச்சினை அந்த மூன்று மாதமும் மாலையில் வரும். தட்டி இருந்தால் வராது. மார்கழியில் கதிர் வடகிழக்காகப் போவதால் இப்போது சுவர் சுத்தமாகத் தெரியும், அதை நம்பிவிட வேண்டாம்.

வெளுப்பதைப் பற்றிப் பயம் வேண்டாம். இந்த நிறத்துக்குப் பெரும்பாலும் தாலோ நீலம், தாலோ பச்சை என்ற இரண்டு நிறமிகளைத்தான் சேர்ப்பார்கள். இரண்டும் வெயிலுக்கு நன்றாகத் தாங்கும். சந்தனத்தில் சேரும் மஞ்சள் ஆக்சைடும் அப்படியே.

லைட்டை மாற்றும்போது நிறத்தையும் மாற்றிவிடுங்கள். இப்போது இருப்பது 6500 கெல்வின் வெள்ளை என்று நினைக்கிறேன் (இந்த எண் ஏற ஏற வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையாகும், இறங்க இறங்க மஞ்சளாகும்). அதில் மயில்கழுத்து நீலத்துக்கு நழுவும், சந்தனம் சாம்பல் பூசிய மாதிரி செத்துப்போகும். 3000-க்கு இறங்கினால் மயில்கழுத்தின் நீலம் அடங்கிக் கரும்பச்சையாகும். இரண்டும் ஒரே அறையில் உயிரோடு இருக்க 4000 கெல்வின்தான் தோது. பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 என்று போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண் அது. மாதிரிப் பலகையையும் அந்த லைட்டில்தான் பார்க்க வேண்டும்.

பொருநைக்கரை:

ரொம்ப நன்றி. நாலு சுவர் ஆசையை விட்டுட்டேன், தெற்கு மட்டும் மயில்கழுத்து. அத்தையும் சரின்னுட்டாங்க. இன்னும் மூணு சந்தேகம். சோபா அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கும், அதுக்கு மேட் ஃபினிஷ் நல்லதா, பளபளப்பா? மூலையில ரெண்டு நிறம் சேர்ற கோடு நேரா வர என்ன பண்ணணும்? எங்க வீட்டு போர்த் தண்ணி உப்பு, துடைக்கிறதுல பிரச்சினை வருமா?

தூரிகைத்தடம்:

அடர் நிறத்துல சுத்தமான மேட் போட்டா, சோபா முதுகும் தலையும் உரசுற இடம் நாளடைவில மினுமினுன்னு ஆயிடும். அது அழுக்கு இல்ல, பெயின்ட் தோலே தேய்ஞ்சு பாலிஷ் ஆகுறது, துடைச்சாப் போகாது. நல்ல பளபளப்பு போட்டா மேடுபள்ளம் காட்டும். நடுவுல லேசான மினுப்பு இருக்கிற வகை கேளுங்க, சாஃப்ட் ஷீன்னு சொல்வாங்க. சோபாவைச் சுவரை விட்டு நாலு விரல் தள்ளிப் போடுங்க, பின்கால்ல ஒரு ரப்பர் கட்டை வெச்சா நகராது. அடர் நிறத்துல டச்சப் பண்ணினா அந்தத் திட்டு தனியா தெரியும். பெருசா கீறல் விழுந்தா மூலையிலிருந்து மூலை வரைக்கும் ஒரு கோட் அடிக்கிறதுதான் வழி. மிச்சம் இருக்கிற அரை லிட்டர் சுவர் முழுக்க ஒரு கோட்டுக்குச் சரியா வரும், காத்துப்புகாம மூடி வைங்க.

மூலைக்கோடு: சீலிங் முதல்ல, அப்புறம் சந்தனம். சந்தனத்தை மூலை தாண்டி தெற்குச் சுவர்ல ரெண்டு விரல் ஏத்தி அடிச்சிடுங்க. முழுசா ஒரு நாள் காயட்டும், இல்லைன்னா டேப் பிய்க்கும்போது பெயின்டும் வந்திடும். நம்ம வீட்டு மூலை எதுவும் நூல் பிடிச்ச மாதிரி இருக்காது, அதனால மூலையை நம்பாம தூக்குநூல் விட்டுப் பென்சில் புள்ளி வெச்சு, தெற்குச் சுவர் பக்கமா ஒரு நூல் தள்ளி நேரா மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. டேப் விளிம்பை நகத்தால அழுத்தி, அந்த விளிம்பு மேல முதல்ல சந்தனத்தையே ஒரு இழுப்பு இழுத்துக் காயவிடுங்க. டேப்புக்கு அடியில கசியுறது சந்தனமா இருக்கும், சந்தனத்து மேல சந்தனம் தெரியாது. அது காய்ஞ்சப்புறம் மயில்கழுத்து. கடைசி கோட் இன்னும் லேசா ஈரமா இருக்கும்போதே டேப்பைச் சாய்வா, மெதுவா இழுங்க. முழுசா காய்ஞ்சப்புறம் இழுத்தா விளிம்பு பல் பல்லா கிழியும்.

உப்புத் தண்ணி கண்டிப்பா தடம் விடும். சந்தனத்துல தெரியாது, மயில்கழுத்துல சொட்டு காய்ஞ்ச இடமெல்லாம் வெள்ளையா நிக்கும். குடிக்கிற தண்ணியில துணியை நனைச்சு நல்லா பிழிஞ்சு துடைச்சிட்டு, உடனே காய்ஞ்ச துணியால ஒத்தி எடுங்க. அழுத்தித் தேய்க்க வேண்டாம். அடிச்சு ஒரு மாசம் வரைக்கும் தண்ணியே படாம வெச்சிருங்க, அதுக்குள்ள தூசின்னா காய்ஞ்ச துணியால தட்டினாலே போதும்.

பொங்கல்னு சொல்றீங்க. ஐப்பசி, கார்த்திகை மழை குடிச்ச மேற்குச் சுவர் அதுக்குள்ள காயுமான்னு பிளாஸ்டிக் ஷீட் சொல்லிடும். வேர்த்திருந்தா மத்த மூணு சுவரையும் முடிச்சிட்டு, ஜன்னலுக்குக் கீழ இருக்கிற அந்தப் பகுதியை மட்டும் மாசி வரைக்கும் பூச்சோட விட்டு வைங்க. நாலு லிட்டர் டின்ல மிச்சம் இருக்கிற சந்தனம் அதுக்குத் தாராளமா போதும்.